சித்தூர், திருப்பதித் தம்பதியருக்கு: நந்தி மலையடித் திராட்சை நாட்டுக்கு ஒரு நாள்



நந்தி மலையின் அடிவாரத்தில், சிக்கபள்ளாப்பூருக்கும் தொட்டபள்ளாப்பூருக்கும் நடுவே கிடக்கும் செம்மண் பூமி தென்னிந்தியாவில் ஒயின் திராட்சை விளையும் நிலங்களில் முதன்மையானது. கர்நாடக அரசு இதை நந்தி பள்ளத்தாக்கு என்று குறிக்கிறது. உண்மையில் இது கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். கிருஷ்ணா பள்ளத்தாக்கு, காவிரிப் பள்ளத்தாக்கு என்று அந்த மாநிலத்தில் வேறு ஒயின் வட்டாரங்களும் உண்டு. ஆனால் சித்தூரிலிருந்து விடியற்காலை கிளம்பி, இருட்டிய சற்று நேரத்துக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருப்பது நந்தி மட்டும்தான். சாலை வழியே சுமார் 170 கி.மீ., நிதானமாக ஓட்டினால் மூன்றரை மணி நேரம்.

இந்திய ஒயின் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது நாசிக். 1999-இல் தொடங்கிய சூலா நிறுவனம் தன் தோட்டத்தையே சுற்றுலாத் தலமாக்கி, மும்பைக்காரர்களை வார இறுதிதோறும் அங்கே இழுத்துக்கொண்டது. நந்திப் பக்கம் அந்த ஆரவாரம் இல்லை. பெங்களூரிலிருந்து வரும் கூட்டம் சூரிய உதயம் பார்க்க மலைக்கு ஏறும், இல்லையென்றால் 2023 ஜனவரியில் திறக்கப்பட்ட 112 அடி ஆதியோகி சிலைக்குப் போகும். இந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தைத் தாண்டிப் போகிறவர்களில் பலருக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. குறைந்த செலவில் பார்க்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சித்தூர்க்காரர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி, நம் ஊரில் இது ஏன் விளையவில்லை என்பது. வரைபடத்தில் சித்தூரும் சிக்கபள்ளாப்பூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கு 13 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. வெயில் விழும் கோணம் ஒன்றுதான். உயரம்தான் வேறு. திருப்பதி நகரம் கடல்மட்டத்துக்கு 160 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது, சித்தூர் 300 மீட்டரைத் தாண்டும், சிக்கபள்ளாப்பூர் 900 மீட்டரைத் தாண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் சித்தூரைவிட நந்தி அடிவாரம் ஏறக்குறைய நாலு டிகிரி குளிர்ந்திருக்கும். மனிதருக்கு நாலு டிகிரி பெரிய விஷயமல்ல, திராட்சைக்குப் பெரிய விஷயம். இரவு குளிர்ந்தால்தான் பழத்தில் புளிப்பு தங்கும். இரவும் புழுங்கினால் பழம் இனிப்பை ஏற்றிக்கொண்டே புளிப்பை இழந்துவிடும். புளிப்பில்லாத சாறு புளித்து ஒயின் ஆனால் வாயில் தட்டையாக, சர்க்கரைத் தண்ணீரில் காரம் போட்டதுபோல் இருக்கும். அந்த வெப்பத்தையே விரும்பிக் காய்ப்பது மாமரம். ஆகவே மலைக்குக் கீழே மாங்காய், மலைக்கு மேலே திராட்சை என்று நிலம் பெரும்பாலும் தானாகவே பங்கு பிரித்துக்கொண்டது.

தமிழருக்கு இந்த நந்தி வேறு வகையிலும் உறவு. பாலாற்றின் தலைமாடு இங்கேதான். நந்தி மலைச் சரிவுகளில் பிறந்து, கோலார் மாவட்டத்தின் வழியே கர்நாடகத்தில் 93 கி.மீ. ஓடி, குப்பம் பக்கம் சித்தூர் மாவட்டத்துக்குள் 33 கி.மீ. நடந்து, பிறகு தமிழ்நாட்டில் 222 கி.மீ. கடந்து கடலைத் தொடுகிற ஆறு அது. ‘ஓடி’ என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல். பெரும்பாலான மாதங்களில் மணல்தான். கோலார் ஏரிகளில் 2018 முதல் நிற்கும் தண்ணீரில் பெரும்பகுதி பெங்களூர் நகரின் சுத்திகரித்த கழிவுநீர் என்பதும், ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போன பூமி இது என்பதும் தெரிந்தால், இங்கே ஏன் நெல்லும் கரும்பும் இல்லாமல் திராட்சையும் பட்டுப்பூச்சிக்கான முசுக்கொட்டையும் நிற்கின்றன என்பது விளங்கும். சொட்டுநீரில் பிழைக்கும் பயிர் திராட்சை. ஒயின் திராட்சைக்குத் தண்ணீர் கூடினால் பழம் ஊதி, சாறு நீர்த்துப்போகும். சற்றே தாகத்தோடு நின்றால்தான் அதற்கு நல்லது.

இந்த வட்டாரத்தில் திராட்சை புதிதல்ல. பெங்களூர் நீலம் என்ற கருநீலத் திராட்சை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக இங்கே பந்தலில் படர்ந்திருக்கிறது. பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாப்பூர், கோலார் மாவட்டங்களின் பெயரில் 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இது ஐரோப்பிய இனம் அல்ல, அமெரிக்காவிலிருந்து வந்த லாப்ருஸ்கா இனம். தோல் தடிப்பு, கொட்டை உண்டு, கடித்தால் சதை தோலைவிட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மணம் தூக்கலாக இருக்கும். கடையில் விற்கும் திராட்சை ஜூஸின் மணம் எதை ஒத்திருக்கிறதோ அதுதான் இதன் மணம். ஜூஸும் ஜாமும் மலிவான இனிப்பு ஒயினும் இதிலிருந்து வருகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை இதனோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு, ஆனால் பன்னீர் திராட்சை ஐரோப்பிய வகை, மணமும் வேறு. இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்றவருக்குப் பிறகு குழப்பம் வராது.

ஐரோப்பிய ஒயின் ரகங்கள் நந்திக்கு வந்தது 1980-களில். கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர், ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் என்ற ஒயின்காரரின் யோசனையோடு பிரெஞ்சுக் கொடிகளைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று தேறுவதற்கே வருடங்கள் ஆயின. 1988-இல் தொட்டபள்ளாப்பூர் வட்டத்தில் குரோவர் நிறுவனம் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் போர்தோ வட்டாரத்துக்காரரான மிஷேல் ரோலான் ஆலோசகராகச் சேர்ந்தார். உலகின் பல நாடுகளில் ஒயின் ஆலைகளுக்கு யோசனை சொன்ன மனிதர் அவர். 2012-இல் இந்நிறுவனம் நாசிக்கின் வாலே த வின் நிறுவனத்தோடு இணைந்து குரோவர் ஜாம்பா ஆயிற்று. கர்நாடக அரசு 2007-இல் திராட்சை பதப்படுத்தல், ஒயின் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டு, தனியாக ஒயின் வாரியமும் அமைத்தது. அதற்குப் பிறகு மாநிலத்தில் இன்னும் சில ஆலைகள் முளைத்தன. இருந்தாலும் நந்தியின் பெயரை வெளியே கொண்டுபோனது குரோவர் தோட்டம்தான்.

அங்கே போனதும் முதலில் கண்ணில் படுவது கொடி கட்டியிருக்கும் விதம். பெங்களூர் நீலம் தலைக்கு மேலே பந்தலில் கிடக்கும், கீழே குனிந்து நடக்க வேண்டும். ஒயின் ரகங்களுக்குப் பந்தல் கிடையாது. இடுப்பளவு உயரத்தில் கம்பி இழுத்து, வேலி போல வரிசையாக ஏற்றியிருப்பார்கள். கேபர்னே சோவினியோன், ஷிராஸ் என்ற சிவப்பு ரகங்களும், சோவினியோன் பிளாங்க், வியோன்யே என்ற வெள்ளை ரகங்களும் இப்படி வரிசையில் நிற்கின்றன. பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் குறையொன்றும் இல்லை. ருசி பார்க்கும்போது ‘சிவப்பில் இரண்டாவது’ என்று சொன்னால் ஊற்றுகிறவருக்குப் புரியும்.

அதைவிட விசேஷம் கவாத்து. பிரான்சில் குளிர்காலத்தில் இலை உதிர்த்து, கொடி உறங்கிவிடும். வசந்தத்தில் தானாக விழித்துத் துளிர்க்கும். நந்தியில் குளிர்காலமென்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. விட்டுவிட்டால் கொடி வருஷம் முழுக்கத் துளிர்த்துக்கொண்டே, களைத்து, ஒழுங்கற்றுக் காய்க்கும். ஆகவே இங்கே வருஷத்துக்கு இரண்டு கவாத்து. ஏப்ரலை ஒட்டி ஒரு முறை ஒட்ட வெட்டி, மழைக்காலத்தில் கிளையை மட்டும் வளரவிடுவார்கள், அந்தப் பருவத்தில் காயை எதிர்பார்ப்பதில்லை. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் முறை வெட்டினால், அதிலிருந்து வரும் துளிரில் பூத்துக் காய்த்து, மழையில்லாத, இரவு குளிர்ந்த பிப்ரவரி, மார்ச்சில் பழம் முதிரும். பிரான்சில் பருவம் செய்யும் வேலையை இங்கே கத்தரிக்கோல் செய்கிறது. எனவே திராட்சைக் குலையைக் கொடியில் பார்க்க விரும்பும் தம்பதியர் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் பாதிக்குள் போவது நல்லது. ஜூன், ஜூலையில் போனால் தோட்டத்தில் பச்சை இலை மட்டும் இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் வழியெல்லாம் மாங்காய். இரண்டு பருவத்தையும் ஒரே நாளில் பார்க்க வழியில்லை.

சித்தூரிலிருந்து 69-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மேற்கே போகிறது. பங்காருபாளையம், மொகிலி கணவாய், பலமநேர், நங்கிலி, முளபாகல், சீனிவாசபுரம், சிந்தாமணி, சிக்கபள்ளாப்பூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். திருப்பதியிலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் சித்தூர் வரை 70 கி.மீ. கூடும். அப்படிப்பட்டவர்கள் முந்தின இரவே சித்தூர் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது உசிதம், காலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போகும் பயணத்தில் தம்பதியருக்குள் பேச்சு சுமுகமாக இருக்காது.

பங்காருபாளையம் மாங்காய் மண்டி இச்சாலையில்தான் இருக்கிறது. சித்தூர் வட்டாரத்தில் மிகுதியாக விளைவது தோதாபுரி, தமிழில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் காய். அதைப் பழமாக உண்பவர்களைவிடக் கூழாகக் குடிப்பவர்களே அதிகம். மாசா, ஸ்லைஸ், ஃபுரூட்டி போன்ற புட்டி பானங்களுக்கு அடிப்படை இந்தக் கூழ். சித்தூரும் கிருஷ்ணகிரியும் இத்தொழிலின் இரண்டு பெரிய மையங்கள். ஒயினுக்கும் இதற்கும் பொருளாதாரத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. விளைவித்தவர் விலை சொல்ல முடியாது, ஆலைதான் சொல்லும். 2025 பருவத்தில் தோதாபுரி விலை சரிந்தபோது, ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 8 ரூபாயை ஆலையும் 4 ரூபாயை அரசும் தரும் என்றது. சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோதாபுரி உள்ளே வருவதைத் தடுத்தது, கர்நாடக முதல்வர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். இந்தச் சாலையில் கர்நாடக எல்லையான நங்கிலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீனிவாசபுரமும் மாங்காய் ஊர்தான் என்பதைப் பார்த்தால் சண்டையின் காரணம் தெரியும். ஒரே மண், ஒரே காய், நடுவில் ஒரு சோதனைச் சாவடி.

மொகிலி கணவாயில் வண்டி ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்று மாறுவது தெரியும். பலமநேரே கடல்மட்டத்துக்கு 680 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. மேலே சொன்ன நாலு டிகிரிக் கணக்கில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஏற்றத்திலேயே முடிந்துவிடுகிறது. முளபாகலில் காலைச் சிற்றுண்டி. அங்கே தோசை தடித்து, வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே பஞ்சு போல, நெய் மணக்க வரும். பெங்களூரில் அந்த ஊர்ப் பெயரைப் பலகையில் போட்டே கடை நடத்துகிறார்கள். வெறும் வயிற்றில் ஒயின் ருசி பார்ப்பது கெடுதல் என்பதால் இங்கே இரண்டாவது தோசையும் தவறில்லை.

ஒன்பதரை வாக்கில் நந்தி கிராமத்தை எட்டலாம். ஆலைக்குப் போகும் முன் போக நந்தீசுவரர் கோயிலைப் பார்ப்பது இந்தப் பயணத்துக்குப் பொருத்தம். ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்பர், பாணர் காலத்தில் தொடங்கி, சோழர், போசளர், விஜயநகரத்தார் வரை ஒவ்வொருவரும் கை வைத்த கோயில். ஒரே வளாகத்தில் மூன்று சன்னிதிகள். அருணாசலேசுவரர் சிவனின் பாலப் பருவம், போக நந்தீசுவரர் இளமை, இரண்டுக்கும் நடுவே பின்னால் எழுப்பிய உமாமகேசுவரர் சன்னிதி திருமணம் என்று தலபுராணம் சொல்கிறது. துறவுப் பருவத்துக்குரிய யோக நந்தீசுவரர் 1,478 மீட்டர் உயர மலை உச்சியில் தனியே இருக்கிறார். திருமண மண்டபத்தின் கருங்கல் தூண்களில் கிளியும் கொடியும் செதுக்கிய நுணுக்கத்துக்கு அரை மணி நேரமாவது கொடுக்க வேண்டும். படிகள் இறங்கும் பெரிய குளம் ஒன்றும் உண்டு. நாளை ஒயினுக்கென்று ஒதுக்கியவர்கள் மலை உச்சிக்கு ஏறாமல் இருப்பதே நல்லது. உச்சியும் ஆலையும் ஒரே நாளில் என்றால் இரண்டும் அரைகுறையாகும், சனி ஞாயிறுகளில் மலைச்சாலை நெரிசல் வேறு.

குரோவர் ஆலையைச் சுற்றிப் பார்க்க முன்பதிவு வேண்டும். வாரநாள் நல்லது, கூட்டம் குறைவு, விளக்குகிறவர் நின்று பதில் சொல்வார். வரிசை இப்படி இருக்கும்: தோட்டம், பழம் கொட்டும் மேடை, எஃகுத் தொட்டிகள், பீப்பாய் அறை, கடைசியில் ருசி அறை. வெள்ளை ஒயினுக்குப் பழத்தை முதலில் பிழிந்து, தோலை எறிந்துவிட்டு, சாற்றை மட்டும் குளிர்ந்த தொட்டியில் புளிக்க வைக்கிறார்கள். சிவப்புக்குத் தோலோடும் கொட்டையோடும் புளிக்கவிடுகிறார்கள். நிறம் தோலில் இருக்கிறது. கருந்திராட்சையின் சாறே வெளிறித்தான் இருக்கும் என்பதை அங்கே ஒரு பழத்தை நசுக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும். ஆப்ப மாவு பொங்குவதும் இதே வேலைதான், அங்கே வாயு வேண்டும், இங்கே ஆல்கஹால் வேண்டும். உயர்ந்த சிவப்பு ஒயின்களைப் பிறகு 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் மாதக்கணக்கில் கிடத்துவார்கள். பீப்பாய் அறைக்குள் நுழைந்ததும் அடிக்கும் மணம், பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருவதற்கும் வெனிலாவுக்கும் நடுவே இருக்கும்.

ருசி பார்ப்பதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு, பெரும்பாலோர் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. சிவப்பு ஒயினை வாயில் வைத்ததும் நாக்கும் ஈறும் இறுகிப் பிடிப்பதைச் சுற்றிக்காட்டுகிறவர் ‘டானின்’ என்பார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். இதற்கு நம் வீட்டில் தினசரி புழங்கும் சொல் இருக்கிறது: துவர்ப்பு. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, நாவல்பழம், காய்ந்த நெல்லி எல்லாம் தருவது அதே பிடிப்பு, காரணமும் அதே வகைப் பொருள்தான். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த சமையலில் வளர்ந்தவருக்குச் சிவப்பு ஒயின் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளையில் தேட வேண்டியது புளிப்பு. சோவினியோன் பிளாங்க் ரகத்தில் பச்சை மாங்காயும் கொய்யாவும் கலந்த வாசனை அடிக்கும் என்று சொன்னால், கூஸ்பெரி என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்வதைவிடச் சித்தூர் மூக்குக்குச் சீக்கிரம் பிடிபடும். கிண்ணத்தைச் சுழற்றுவது பகட்டு அல்ல, மணம் மேலே வருவதற்கு. ஒரு மடக்கை வாயில் நிறுத்தி, எதிரே வைத்திருக்கும் வாளியில் துப்பிவிடலாம். அதில் அநாகரிகம் இல்லை, தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான்.

ஒயின் தமிழருக்கு நேற்று வந்த பொருளும் அல்ல. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறல் பாண்டிய மன்னனின் அவையில் இருந்ததைப் புறநானூறு சொல்கிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது, ஒயின் வந்திறங்கிய இருகாது சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. கொடிமுந்திரி என்ற பழைய தமிழ்ப் பெயர் திராட்சைக்கு உண்டு. நடுவில் அந்தப் பழக்கம் அறுந்துபோனது. திருப்பதிக்காரருக்குத் திராட்சை என்றால் முதல் நினைவு லட்டில் அகப்படும் உலர்திராட்சைதான்.

ஓட்டுவது யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இந்தியச் சட்டப்படி 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் வரைதான் ஓட்டுநருக்கு அனுமதி. அதைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. ருசி அறையில் ஐந்து வகை ஊற்றி, ஒவ்வொன்றும் 30 மி.லி. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 150 மி.லி. ஒயின். 13 சதவீத ஒயினில் அது சுமார் 15 கிராம் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த 30 மி.கி. எல்லையைத் தாண்ட அதுவே போதும். ‘கொஞ்சம்தானே’ என்ற பேச்சுக்கு இடமில்லை. ஓட்டுகிறவர் முகர்ந்து பார்க்கலாம், துப்பலாம், விழுங்கக்கூடாது. இருவரும் குடிக்க ஆசைப்பட்டால் சித்தூரிலேயே ஓட்டுநரோடு வண்டி வாடகைக்கு எடுப்பது ஒழுங்கான வழி. சம்பிரதாயமாக ஆண் குடிக்க, பெண் பார்த்துக்கொண்டிருக்கும் ஏற்பாட்டைத் திருப்பிப் போடவும் இந்தப் பயணம் நல்ல வாய்ப்பு. மனைவிக்கு ருசி பார்க்க ஆசையிருந்தால் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளட்டும்.

செலவுக் கணக்கு சுருக்கமானது. போக, வர 340 கி.மீ., உள்ளூர்ச் சுற்றல் சேர்த்தால் 380. லிட்டருக்கு 18 கி.மீ. ஓடும் காருக்கு 21 லிட்டர் பெட்ரோல் ஆகும். அது இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். அதோடு சுங்கம், இருவருக்கும் ருசிக் கட்டணம், இரண்டு வேளைச் சாப்பாடு. தங்கும் அறை வாடகை இல்லை என்பதுதான் ஒருநாள் பயணத்தின் பெரிய லாபம். நாசிக்குக்கு ரயிலேறிப் போய் ஓர் இரவு தங்குவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை.

புட்டி வாங்கிக்கொண்டு திரும்புவதில்தான் சிக்கல். கர்நாடகத்தில் தீர்வை கட்டிய மது ஆந்திர எல்லைக்குள் வந்ததும் ஆந்திரத் தீர்வை கட்டாத மது ஆகிவிடுகிறது. ‘என்.டி.பி.எல்.’ என்று போலீசார் சொல்வதும், செய்தித்தாளில் அடிக்கடி வருவதும் இதுதான். ஒயினுக்கென்று தனிச் சலுகை எதுவும் சோதனைச் சாவடியில் கிடைக்காது. இதன் வரலாறு பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சாராயத்துக்கு எதிராக எழுப்பிய போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவி, 1993-இல் சாராயம் தடையாயிற்று. 1995 ஜனவரியில் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997-இல் அது தளர்ந்தது. கூலிப்பணம் சாராயப் பொட்டலத்தில் கரைவதைப் பார்த்த பெண்களின் கோபம் அது, நியாயமான கோபம். அந்த நினைவு இருக்கும் மாநிலத்தில் எல்லா மதுவும் ஒரே தராசில் நிறுக்கப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஆந்திர மதுக்கடைப் பலகைகளில் ‘ஒயின்ஸ்’ என்றுதான் எழுதியிருக்கும், உள்ளே விற்பது பெரும்பாலும் பிராந்தியும் விஸ்கியும். திருப்பதிவாசிகள் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. திருமலையில் மதுவுக்கும் இறைச்சிக்கும் முற்றான தடை, அலிபிரியில் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார்கள். நந்திப் பயணத்தையும் மலைத் தரிசனத்தையும் ஒரே வண்டியில் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளாமல் இருந்தால் டிக்கியில் மறந்த புட்டியால் வரும் அவமானம் தவிரும். ஆக, பிடித்த ஒயினை ஆலையின் உணவகத்தில் மதியச் சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் குடித்து முடித்துவிடுவதே சரி.

சித்தூருக்கென்று ஓர் ஒயின் வரவே வராதா என்ற கேள்விக்குப் பாதி விடை திருப்பதியிலேயே இருக்கிறது. ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை ஆய்வாளர்கள் மாம்பழச் சாற்றை ஈஸ்டால் புளிக்க வைத்து ஒயின் செய்து, அதன் ஆய்வுக் கட்டுரையை 2005-இல் வெளியிட்டார்கள். பங்கனப்பள்ளி, தோதாபுரி உள்ளிட்ட பல ரகங்களைச் சோதித்தார்கள். மாங்கூழ் திராட்சைச் சாறு போல வடியாது, கெட்டி. அதனால் கூழைக் கெட்டியாக்கும் பெக்டினைக் கரைக்கும் நொதியை முதலில் சேர்த்து நீர்க்கச் செய்ய வேண்டும். கிடைத்த ஒயினில் ஆல்கஹால் எட்டு சதவீதத்தை ஒட்டி இருந்தது, திராட்சை ஒயினைவிடச் சற்று மென்மை. பழம் இங்கே மலையாகக் குவிகிறது, விலை சரியும் வருஷங்களில் சாலையோரத்தில் கொட்டுகிறார்கள், செய்முறையும் கையில் இருக்கிறது. அப்படியும் ஆய்வகத்தைத் தாண்டி அது தொழிலாகவில்லை. கர்நாடகம் 2007-இல் ஒயினுக்கென்று செய்ததுபோல் ஒரு கொள்கை இங்கே பழ ஒயினுக்கு வந்தால், மண்டியில் கிளிமூக்குக்குக் கூழ் ஆலைக்கு அப்பால் இன்னொரு வாங்குபவர் கிடைப்பார். புனித நகரத்தின் பக்கத்தில் மது ஆலையா என்ற எதிர்ப்பு எழும் என்பதும் தெரிந்ததே. ஆலை திருமலையின் அடிவாரத்தில்தான் எழ வேண்டும் என்பதில்லை, பலமநேர் மேட்டில் இடம் தாராளமாக இருக்கிறது.

மூன்றரை மணிக்குள் ஆலையை விட்டுக் கிளம்பினால் மொகிலி கணவாயை இருட்டு நன்றாகக் கவியும் முன் இறங்கிவிடலாம். லாரிகள் ஏறும் வளைவுகள் அவை, அவசரம் கூடாது. வழியில் சிக்கபள்ளாப்பூர், சிந்தாமணிப் பக்கம் பருவத்தில் பெங்களூர் நீலமும், நீண்ட வெளிர்பச்சைத் தில்குஷ் திராட்சையும் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். எல்லையில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். தில்குஷ் அப்படியே தின்ன. பெங்களூர் நீலத்தை வீட்டுக்கு வந்ததும் கழுவாமல் குளிர்பெட்டியில் வைத்து, தின்னும்போது மட்டும் கழுவினால் மூன்று நாள் தாங்கும். மிஞ்சினால் தோலோடு வேகவைத்து, கொட்டையை வடிகட்டி, பாதி எடை சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் ஜாம். அதன் பெக்டினே போதுமானது, கடையில் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை.